பாகீரதிக் கரையில் ஒரு வணிகர் குடி

செல்வம் நிலையாது என்பதை நம் முன்னோர் பலபடக் கூறிச் சென்றனர். நீதி நூல்களைப் பாடமாகக் கற்றுத் தேர்வெழுதும் மாணாக்கராகிய யாமும் அதனைப் பன்முறை எழுதி மதிப்பெண் பெற்றுள்ளோம். ஆயினும், சென்ற டிசம்பர் விடுமுறையில் வங்க நாட்டு ஆற்றூர் ஒன்றின் படித்துறையில் நின்றபோதுதான், யாம் எழுதிய விடைகளின் பொருளை யாமே அதுவரை அறிந்திலேம் என்பது எமக்குப் புலனாயிற்று. அவ்வூர் முர்ஷிதாபாத். அங்கே வாழ்ந்த குடி ஜகத் சேட் என்னும் பட்டம் பெற்ற வணிகர் குடி. அக்குடியின் கதையை நம் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைக்குமுன், எம் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லிக்கொள்ள இசைவு வேண்டுகின்றோம். அஃதின்றி இக்கட்டுரை முழுமை பெறாது.

எம் ஊர் பொருநைக் கரையிலுள்ளதொரு சிற்றூர். எம் தந்தையார் அங்கே ஒரு சிறு பலசரக்குக் கடை நடத்துகின்றார். கடையில் விற்பனை உண்டு. கையிற் காசு தங்குவதில்லை. ஊரார் வாங்குவதிற் பெரும்பகுதி பற்றாகவே போகும். நீண்டதொரு நோட்டில் அப்பா அதனை எழுதி வைப்பார். யாம் கல்லூரியிற் சேர்ந்த முதலாண்டில் இரண்டாம் பருவக் கட்டணத்திற்கு வழி தோன்றவில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அணிந்து சென்ற சங்கிலியை மறுநாட் காலையில் எம் அன்னையார் கழற்றி, ஒரு கைக்குட்டையில் முடிந்து, "ஐயா, உன் அப்பா தனியாகப் போனால் வெட்கப்பட்டு வெறுங்கையோடு திரும்பிவிடுவார், நீயும் கூடப் போ" என்றார்.

எம் ஊர்க் கடைத்தெருவில் அடகு பிடிப்பவரைச் சேட்டு என்றே அனைவரும் அழைப்பர். அவருக்குரிய பெயர் யாதென்று கேட்டவர் சிலரே. அவர் சங்கிலியைக் கல்லில் உரைத்தார், தராசில் இட்டார், தொகையைச் சொன்னார். அப்பா தலையசைத்தார். ஓராண்டுக் கெடு எழுதிய சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வழிநெடுகிலும் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. அன்று முதல் சேட்டு என்னும் சொல்லைக் கேட்டபோதெல்லாம் எம் உள்ளத்தில் ஒரு கசப்பு எழுந்ததுண்டு. எம் ஊரில், கெடுவிற்குள் மீட்கப்படாத நகையை "மூழ்கிப் போயிற்று" என்பர். அச்சொல்லும் எமக்கு அச்சந்தருவதாயிற்று.

ஓராண்டு ஓடிற்று. எம் தமையனார் கொல்கத்தாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கின்றார். அவருக்கு விடுப்புக் கிட்டாமையால், முறுக்கும் முந்திரிக்கொத்தும் கட்டிக் கொடுத்து அன்னையார் எம்மை அங்கே அனுப்பினார். பலகாரம் கொண்டு செல்வது வெளிக்காரணம். நகையை மீட்கப் பணம் பெற்று வருவதே உட்காரணம். கெடு டிசம்பர் 26. அண்ணனுக்குச் சம்பளம் வருவதோ மாத முடிவில். "சேட்டிடம் அப்பா சொல்லியிருப்பார், தம்பி, கவலைப்படாதே" என்று அண்ணன் தேற்றினார். எம் மனம் தேறவில்லை. அதனைக் கண்டு, "சரித்திரப் பைத்தியமாகிய உனக்கு ஓர் ஊரைக் காட்டுகிறேன், வா" என்று 28-ஆம் நாள் விடியற்காலையில் சியால்டா நிலையத்திலிருந்து லால்கோலா செல்லும் வண்டியில் எம்மை ஏற்றிவிட்டுத் தாமும் ஏறிக்கொண்டார்.

பனிமூட்டத்தினூடே வண்டி வடக்கு நோக்கிச் சென்றது. கடுகு பூத்த மஞ்சள் வயல்களும் வாழைத் தோட்டங்களும் குளங்களும் மாறிமாறித் தோன்றின. இடையே ஒரு சிறு நிலையத்தின் பெயர்ப்பலகையில் பிளாசி என்று கண்டு யாம் திடுக்கிட்டோம். பள்ளியில் யாம் உருப்போட்ட 1757 ஜூன் 23 இங்கேதான் நிகழ்ந்தது! அங்கே தேநீர் விற்பவன் ஒருவன் ஏறினான், இருவர் இறங்கினர், வண்டி புறப்பட்டுவிட்டது. பின்னர்க் காசிம்பசார் வந்தது. ஆங்கிலக் கம்பெனியார் பட்டு வாங்குதற் பொருட்டுப் பண்டகசாலை வைத்திருந்த இடம் அது. அதனை அடுத்து முர்ஷிதாபாத்.

ஒரு காலத்தில் வங்கம், பீகார், ஒரிசா என்னும் மூன்று நாட்டிற்கும் தலைநகராய் விளங்கிய இவ்வூர், 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறத்தாழ 44 ஆயிரம் மக்களையுடைய சிறு நகரம். பிளாசிப் போர்க் காலத்தில் இஃது இலண்டன் மாநகரைப்போல் அகன்றதும், மக்கள் நிறைந்ததும், செல்வம் மிக்கதுமாய் இருந்தது என்றும், இலண்டனில் இல்லாத பெருஞ்செல்வர் இங்கு இருந்தனர் என்றும் கிளைவ் கூறியுள்ளார். அப்பெருஞ்செல்வருள் தலையாயவரே ஜகத் சேட் குடியினர்.

இக்குடியின் பிறப்பிடம் நீரற்ற மார்வார் நாட்டிலுள்ள நாகௌர் நகரம். சமண சமயத்தவராகிய ஹீரானந்த் என்பார் 1652-ஆம் ஆண்டில் அங்கிருந்து புறப்பட்டுக் கங்கைக் கரையிலுள்ள பாட்னாவிற் குடியேறினார். அவர் மைந்தர் மாணிக் சந்த் அக்கால வங்கத் தலைநகராகிய டாக்காவிற் கடை வைத்தார். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திவானாகிய முர்ஷித் குலி கான் தம் அலுவலகத்தைப் பாகீரதிக் கரைக்கு மாற்றி அவ்வூர்க்குத் தம் பெயரையும் இட்டபோது, மாணிக் சந்தும் உடன் வந்து மகிமாபூர் என்னும் பகுதியில் மனை கோலினார். 1714-இல் அவர் இறந்தபின், அவர் தத்தெடுத்த மருமகனார் பதே சந்த் குடியின் தலைவரானார். தில்லிப் பேரரசர் முகம்மது ஷா, 1723-ஆம் ஆண்டளவில், 'உலக வணிகர்' எனப் பொருள்படும் ஜகத் சேட் என்னும் பட்டத்தை இவர்க்கு அளித்தார். தமிழ் வேந்தர் வணிகர்க்கு எட்டிப் பட்டம் அளித்துச் சிறப்பித்ததைக் கற்ற நமக்கு இவ்வழக்கம் புதிதன்று.

இவர்தம் செல்வம் எவ்வாறு பெருகிற்று? கப்பலோட்டியன்று, பட்டு நெய்தும் அன்று. நாணயத்தின் நுட்பத்தை அறிந்தே இவர் பெருஞ்செல்வர் ஆயினர். அக்காலத்து வங்கத்தில் புதிதாக அச்சிட்ட சிக்கா ரூபாய்க்கு அவ்வாண்டில் மட்டுமே முழுமதிப்பு உண்டு. ஆண்டு கழியக் கழிய, வெள்ளியின் எடை குறையாதிருப்பினும் மதிப்புக் குறையும். மூன்றாண்டு சென்ற நாணயம் சனாத்து எனப்படும். கணக்கு வழக்கில் 100 சிக்கா ரூபாய் 116 எனக் கொள்ளப்பட்டால், 100 சனாத்து 111 எனவே கொள்ளப்படும். வரியோ சிக்காவாகச் செலுத்தப்பட வேண்டும். ஆதலின் பழைய நாணயம் வைத்திருப்போரும், வேற்று நாட்டு நாணயம் கொணர்வோரும் வட்டம் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சராப்புகளிடம் செல்ல வேண்டியவராயினர். அச்சராப்புகளுக்கெல்லாம் தலைவரும், நாணயச்சாலையைத் தம் செல்வாக்கிற்குள் வைத்திருந்தவரும் சேட் குடியினரே. கம்பெனியார் கப்பலில் கொணர்ந்த வெள்ளியும் இவர் கை வழியே ரூபாயாக மாறிற்று.

இதனினும் வியப்பானது உண்டியல் முறை. வங்கத்திலிருந்து தில்லிக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய் கப்பம் செல்ல வேண்டும். அதனை வண்டியிலேற்றிக் கள்வர் நிறைந்த வழியில் அனுப்புவதை விடுத்து, சேட்டின் கையெழுத்திட்ட ஒரு தாளை அனுப்பினால் தில்லியில் உள்ள அவர்தம் கிளைக்கடை பணத்தைக் கொடுத்துவிடும். நவாபு நம்பினார், பேரரசர் நம்பினார், ஆங்கிலரும் பிரெஞ்சுக்காரரும் டச்சுக்காரரும் நம்பிக் கடன் பெற்றனர். ஒரு தாளில் எழுதிய சொல் பிறழாது என்னும் நம்பிக்கையே அக்குடியின் முதற்பொருள். இதனை வாசித்தபோது அப்பாவின் நீண்ட நோட்டு எமக்கு நினைவிற்கு வந்தது. அதிலும் கையெழுத்து இல்லை, சாட்சி இல்லை. எழுதியவரும் எழுதப்பட்டவரும் ஒருவரையொருவர் நம்புகின்றனர் என்பது மட்டுமே உண்டு.

1742-இல் மராட்டியக் குதிரைப்படை நகருட் புகுந்து சேட்டின் மாளிகையைச் சூறையாடிற்று. அன்று கொள்ளை போனது இரண்டு கோடி ரூபாய் என்றும், அது முழுவதும் ஆர்க்காட்டு ரூபாய் என்றும் குலாம் உசேன் என்னும் வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். நம் நாட்டு ஆர்க்காட்டின் பெயர் தாங்கி, புதுச்சேரி முதலிய இடங்களில் அச்சிடப்பட்ட நாணயம் வங்கத்து மாளிகையிற் குவிந்து கிடந்தது என்பதை எண்ணுந்தோறும் வியப்பு மிகுகின்றது. அத்துணைப் பொருள் போன பின்னும் அக்குடி தளரவில்லை என்ப. கொள்ளையர் வெள்ளியைக் கொண்டு போயினரேயன்றி நம்பிக்கையைக் கொண்டு போகவில்லை.

நம்பிக்கையை இழக்கச் செய்தது எது? அன்பர்காள், இவ்விடத்தேதான் இக்கதை கடிதாகின்றது. செல்வம் ஓரளவு கடந்தபின், அரசர்க்குக் கடன் கொடுத்தல் அரசரை ஆக்குதலாகவும் அழித்தலாகவும் வளர்ந்தது. 1740-இல் நவாபு சர்பராஸ் கானை வீழ்த்தி அலிவர்தி கானை அரியணையேற்றிய சூழ்ச்சியில் பதே சந்துக்குப் பங்கு உண்டு. அவர் 1744-இல் மறைந்தார். பேரர்களாகிய மகதாப் ராய், சுவரூப் சந்த் என்போர் அவர்க்குப்பின் தலைமை ஏற்றனர். 1756-இல் இளைஞராகிய சிராஜுத் தௌலா நவாபானார். அவர் பெரும்பொருள் கேட்டு மகதாப் ராயை அவையில் அறைந்தார் என்றொரு செய்தி உண்டு. அவமானமும் அச்சமும் ஒருங்கே வருத்த, சேட் குடியினர் இருவரும் மீர் ஜாபரோடும் கிளைவோடும் சேர்ந்தனர். முன்னர் ஒருமுறை செய்தது போல ஒரு நவாபைப் போக்கி மற்றொரு நவாபை வைத்தலே தாம் செய்வது என அவர் எண்ணியிருத்தல் கூடும்.

போருக்குப் பின், யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்யும் கூட்டம் சேட்டின் மாளிகையிலேயே கூடிற்று. சூழ்ச்சியில் உடனிருந்த அமீர் சந்த் என்னும் மற்றொரு வணிகருக்கு, அவருக்குப் பங்கு தருவதாக எழுதப்பட்ட சிவப்புத் தாள் பொய்த்தாள் என்று அங்கேதான் அறிவிக்கப்பட்டது. உண்மை உடன்படிக்கை வேறொரு தாளில் இருந்தது. பொய்த்தாளில் வாட்சன் தளபதியின் கையெழுத்தைப் பிறர் இட்டிருந்தனர். கையெழுத்திட்ட தாள் பொய்க்காது என்பதனால் உயர்ந்த வீட்டின் கூடத்தில், பொய்க் கையெழுத்து வென்றது! அன்று அமீர் சந்த் மயங்கி வீழ்ந்தார் என்று எழுதியுள்ளனர். அவரைத் தாங்கிப் பிடித்தோர், அடுத்த முறை தமக்குரியது என்று எண்ணினரோ இல்லையோ, யாம் அறியேம்.

பின்னர், முதல் தவணையாகிய 72 லட்சத்திற்கு மேற்பட்ட ரூபாய், 700 பெட்டிகளில், 100 படகுகளில் ஏற்றப்பட்டுப் பாகீரதி வழியே கல்கத்தா நோக்கிச் சென்றது. எந்த ஆறு செல்வத்தைக் கொணர்ந்ததோ அந்த ஆறே அதனைக் கொண்டு போயிற்று. 1763-இல் நவாபு மீர் காசிம், ஆங்கிலர்க்கு உதவுவர் என்று ஐயுற்று மகதாப் ராய், சுவரூப் சந்த் இருவரையும் சிறைப்படுத்திக் கொன்றார். முங்கேர்க் கோட்டையிலிருந்து கங்கையில் தள்ளப்பட்டனர் என்பது வழக்கு. 1765-இல் வரி வாங்கும் உரிமை கம்பெனியாரிடம் சென்றது. 1769, 70-ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தில் வங்க மக்களுள் மூன்றிலொரு பங்கினர் மாண்டனர் என்று வாரன் ஹேஸ்டிங்ஸ் கணக்கிட்டார். 1772-இல் கருவூலமும் கல்கத்தாவிற்கு மாற்றப்பட்டது. அரசே கம்பெனியின் கையில் இருக்கும்போது கம்பெனிக்குச் சேட் எதற்கு? பிற்காலத்து வழித்தோன்றல்கள் கம்பெனியார் அளித்த உதவிப்பணத்தால் வாழ்ந்தனர்.

யாம் டோட்டோ என்னும் மின்வண்டியில் மகிமாபூர் சென்றோம். ஜகத் சேட் இல்லம் என்ற பெயரோடு அங்கே ஒரு சிறு காட்சியகம் உள்ளது. பழைய நாணயங்களையும் வீட்டுப் பொருள்களையும் கண்ணாடிக்குள் வைத்திருக்கின்றனர். மாளிகையைக் காட்டுமாறு அண்ணன் வங்க மொழியிற் கேட்டதற்கு, வாயிலில் நின்ற முதியவர் ஆற்றுப்பக்கம் கை நீட்டினார். பழைய மாளிகையின் பெரும்பகுதியைப் பாகீரதி அரித்துக்கொண்டு போய்விட்டது.

பிற்பகலில் சிராஜுத் தௌலாவின் கல்லறை உள்ள குஷ்பாக் தோட்டத்திற்குச் செல்வதற்காகப் படகேறினோம். மிதிவண்டிகளும், பால் பாத்திரங்களும், ஒரு வெள்ளாடும் எம்மோடு ஏறின. ஆறு அமைதியாக ஓடிற்று. "தண்ணீருக்கடியில் இன்னும் பணம் இருக்கிறது என்று சிலர் சொல்லுகிறார்கள், நான் நாற்பது ஆண்டு துடுப்புப் போடுகிறேன், ஒரு காசும் கண்டதில்லை" என்று படகோட்டி சொன்னதாக அண்ணன் மொழிபெயர்த்துச் சிரித்தார். யாம் சிரிக்கவில்லை. மூழ்கிப் போயிற்று என்னும் எம் ஊர்ச் சொல் எம் செவியில் ஒலித்தது. கெடு கடந்து அன்று இரண்டு நாள். பேரரசர் பட்டம் பெற்ற குடியின் மாளிகைக்கு இரங்குவதா, அன்னையாரின் சங்கிலிக்கு இரங்குவதா என்று அறியாது படகின் ஓரத்தைப் பற்றிக்கொண்டிருந்தோம். அதனை அண்ணன் கண்டார். கரையேறியதும், தம் நண்பரொருவரிடம் பேசி, சம்பளத்திற்குக் காத்திராமலே கடனாகப் பணம் பெற ஏற்பாடு செய்தார். ஆயினும் வண்டியில் இடங்கிடைத்து யாம் ஊர் வந்து சேர ஜனவரி 6 ஆயிற்று.

வீட்டிற்குள்ளும் நுழையாமல் நேரே அடகுக் கடைக்குச் சென்றோம். சேட்டு சீட்டைப் பார்த்தார், நாட்காட்டியைப் பார்த்தார், உள்ளே சென்று அன்னையாரின் கைக்குட்டையோடு சங்கிலியைக் கொணர்ந்து வைத்தார். "உங்கள் அப்பா, மகன் கொண்டுவருவான் என்று சொன்னார், தம்பி. அவர் சொன்னால் சரி என்று எடுத்து வைத்தேன்" என்றார். அதன்பின், கெடு கடந்த பதினொரு நாட்களுக்கும் வட்டி கணக்கிட்டு, ஒரு ரூபாயும் குறையாமல் வாங்கிக்கொண்டார். அக்கணக்கும் எமக்கு அன்று தவறாகத் தோன்றவில்லை.

அவர் ஊர் எதுவென்று முதன்முறையாகக் கேட்டோம். மார்வார்ப் பகுதியில் ஒரு சிற்றூர் என்றும், அங்கே ஆறு இல்லை என்றும், பாட்டனார் காலத்தில் தெற்கே வந்ததாகவும் கூறினார். ஜகத் சேட்டைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டோ என வினவினோம். "பெரிய இடம், தம்பி. ராஜாவுக்குக் கடன் கொடுத்தார்கள். ராஜாவிடம் திருப்பிக் கேட்க முடியுமா? நாங்கள் உங்கள் அப்பா போன்றவர்களுக்குக் கொடுக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, அடுத்து நின்ற பெண்மணியின் கம்மலைத் தராசில் இட்டார். அப்பெண்மணியின் முகத்தை யாம் பார்த்தோம். எம் கசப்பு முற்றும் நீங்கிற்று என்று கூறின் அது பொய்யாகும். கல்விக் கட்டணத்திற்காகத் தாயின் கழுத்து வெறுமையாகும் நிலை மாறவேண்டும் என்னும் எண்ணம் எம்மிடம் இன்றும் உண்டு. ஆயின் அவ்வெண்ணத்தை ஒரு மனிதர் மீதும் ஒரு குலத்தார் மீதும் வெறுப்பாக ஏற்றியது எம் அறியாமை என்பதை உணர்ந்தோம். அவரை இப்பொழுது பெயர் சொல்லி, அதனோடு ஐயா என்றும் சேர்த்து அழைக்கின்றோம்.

ஜகத் சேட் குடி விட்டுச் சென்ற உடைமை யாது? மாளிகை ஆற்றிற் போயிற்று. வெள்ளி படகிற் போயிற்று. பட்டம் ஏட்டில் நிற்கின்றது. சொன்ன சொல்லைக் காத்தவரை அவர் கோடிகள் கொள்ளை போயும் நிமிர்ந்து நின்றனர் என்பதும், நாட்டின் ஆட்சியை விலைபேசத் துணிந்தபின் கோடிகள் இருந்தும் காப்பாரற்றனர் என்பதும் நமக்கு எஞ்சியுள்ளன. அப்பாவின் நோட்டில் அன்று மாலையும் யாரோ ஒருவர் கணக்கில் அரைக் கிலோ பருப்பு எழுதப்பட்டது. யாம் கடையிலிருந்து அதனைக் கண்டபோது அன்னையார் வந்து, கழுத்தில் கிடந்த சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "வங்காளத்தில் என்ன பார்த்தாய், ஐயா?" என்று கேட்டார். "ஓர் ஆறு பார்த்தேன், அம்மா" என்றோம். எஞ்சியதை எழுதிக் காட்டுவதாகச் சொல்லி, இதனை எழுதலானோம்.